இறகு குத்தின கோழி

முந்தி முந்தி, இந்தக் கூளப்பட்டிக்கே ஒத்தைக் கிணறு இருந்த காலத்துல, வெயிலுகந்தாள்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்காரிதான், அதுக்காக நான் மூடி மறைக்கப் போறதில்ல. பொல்லாத சந்தேகக்காரி.

அவளோட செவலைக் கோழி சித்திரை மாசத்துல அடைக்கு உக்காந்திருச்சாம். அந்த வெயில்ல அடை வச்சா அம்புட்டும் கூமுட்டையாப் போகும். எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது, கிட்டப் போனா கொத்துது. தூக்கித் தொட்டித் தண்ணியில மூணு முக்கு முக்கினாளாம். அதோட இறகையே ஒண்ணப் பிடுங்கி மூக்குல குத்தி விட்டாளாம். இனிமே அடை தெளிஞ்சிரும்னு அவளுக்கு நம்பிக்கை.

மூணாம் நாள் கோழியக் காணோம்.

பக்கத்து வீட்டுக்காரி இருளாயி. அவ வாசல்ல அந்த மூக்கிறகு கெடக்கு. அடுப்புல கறி வாசம் வேற. போதாதா நம்மாளுக்கு?

"ஏத்தா இருளாயி, குழம்பு வாசம் தெருவத் தூக்குதே. என்ன கறி?"

"கௌதாரிக்கா. எங்கண்ணன் கண்ணி வச்சுப் பிடிச்சாந்தது."

"கௌதாரி மூக்குல இறகு குத்தியிருந்துச்சோ?"

"அடைக்கோழி எங்கயாச்சும் மறைவுல உக்காந்திருக்கும்க்கா. பொறுத்துப் பாரு."

"அடையத்தான் நான் தெளிய வச்சிட்டனே."

அம்புட்டுதான். கிணத்தடியில சொன்னா, களத்துமேட்டுல சொன்னா. ஊரும் சேந்து சந்தேகப்பட்டுச்சு. இருளாயி வந்தா குடத்தத் தள்ளி வச்சாகளாம், அவ மடியக்கூட உத்துப் பாத்தாகளாம். இருளாயி மக பூவாயிக்கு வைகாசியில கல்யாணம் பேசியிருந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க, "கோழி திருடுற வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்"னு சொல்லிவிட்டுட்டாகளாம். அந்தப் புள்ள மூணு நாளு பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்துச்சாம்.

கோழி காணாமப் போன இருபத்திரெண்டாம் நாள் காலையில வெயிலுகந்தா மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போறா. அவ வீட்டுப் படப்புக்கு அடியில கிய்யா கிய்யான்னு சத்தம். குனிஞ்சு பாத்தா, செவலை எட்டுக் குஞ்சோட வருதாம். எப்பவோ அங்க களவா இட்ட முட்டை. மூக்கிறகு போற வழியில இருளாயி வாசல்ல உதுந்திருக்கு.

சுத்துமுத்தும் பாத்தாளாம். ஒருத்தருமில்ல. அப்படியே அமுக்கிருவோமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சிருப்பா. அப்படி யாரும் சொல்லல, நான்தான் சொல்றேன். எங்க ஆள எனக்குத் தெரியாதா?

ஆனா கோழியவும் குஞ்சவும் கூடையில அள்ளித் தலையில வச்சு மாப்பிள்ள ஊருக்கு நடந்தா. நடுத்தெருவுல இறக்கி வச்சா.

"யாரும் திருடல. நாந்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பூவாயியக் கட்டிக்கோங்க."

மாப்பிள்ளையோட அம்மா சொன்னாளாம், "முந்தாநாளே என் மகன் வேற பொண்ணுக்குத் தாலி கட்டிட்டானே தாயி."

திரும்பி வந்து இருளாயி வாசல்ல விழுந்து அழுதாளாம். இருளாயி எந்திரின்னுகூடச் சொல்லல. பூவாயி அதுக்கப்புறம் கல்யாணமே வேண்டாம்னுட்டா. தலை நரைக்கிற வரைக்கும் அந்த வீட்லதான் இருந்தா. அவ கண்ணு முன்னாலதான் வெயிலுகந்தாளும் மிச்ச காலத்தக் கழிச்சா.

வீடு வீடாப் போயி வெயிலுகந்தா கேட்டு வாங்கின சத்தியம்தான் இது. நம்மூர்ல கோழி காணாமப் போனா, இருபத்தொரு நாளைக்கு யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. இருபத்திரெண்டாம் நாள் கேக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.