லேபிளில் இடம் போதவில்லை

பூச்சிமருந்து பாட்டிலின் லேபிள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஐயா. கம்பெனிப் பெயர், கலக்கும் அளவு, மண்டையோடு, முதலாளியின் அப்பா படம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பதினோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடக்கி வருகிறவன் நான்.

இந்த மருந்துக்கு ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் ஒரு வரி இருந்தது: 'பூத்திருக்கும் பயிரில் தெளிக்காதீர்கள், தேனீக்கள் செத்துவிடும்.' விற்பனை மேலாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "பூக்கும்போதுதான்யா பூச்சியே வருது. அப்ப அடிக்காதேன்னு போட்டா, வாங்கிட்டுப் போய் ஷோகேஸ்லயா வைப்பான்?"

நியாயமான மனிதர். வரியை எடு என்று அவர் சொல்லவே இல்லை. இடம் போதாது என்று நானாகத்தான் சொன்னேன். அந்த மாதமே எனக்கு ஜன்னல் வைத்த தனி அறை கிடைத்தது.

வரியை எடுத்ததும் அந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. ஒரு சூரியகாந்திப் பூவை வைத்தேன். பூவின் மேல் ஒரு தேனீ. கலர் அருமையாக வந்திருந்தது.

என் அக்காவும் மாமாவும் தேன்பெட்டி வைத்துப் பிழைக்கிறவர்கள். மொத்தம் நாற்பது பெட்டி. பக்கத்து வயல்காரர் மருந்து அடிப்பதென்றால் முதல் நாளே சொல்லிவிடுவார். மாமா பெட்டிகளை மூடிவிடுவார். இந்த முறை வயல்காரர் சொல்லவில்லை.

அக்கா போனில் அழுதாள். "தம்பி, முறத்துல அள்ளி அள்ளிக் கொட்டறேன்டா. நாப்பது பெட்டியும் போச்சு. உங்க கம்பெனி மருந்துதானாம். ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதாடா?"

"லேபிளை யாருக்கா படிக்கிறாங்க?" என்றேன்.

"பக்கத்து வயல்காரரு ஒரு வரி விடாமப் படிச்சாருடா. தேனீ படமே போட்டிருக்கே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டாரு."

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வரியை எடுத்தது நான். தேனீயை வைத்ததும் நான். படிப்பார்கள் என்று தெரிந்துதான் இரண்டையும் செய்தேன்.

அந்தத் தேனீயை எங்கே படம் எடுத்தேன் என்று கேட்டீர்கள். அக்காவின் பெட்டியில்தான். வெளிச்சம் விழட்டும் என்று கூட்டுச் சட்டத்தை அவளே தூக்கிப் பிடித்தாள். பாட்டில் கடைக்கு வந்ததும், "எங்க வீட்டுத் தேனீ" என்று ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாளாம். பக்கத்து வயல்காரருக்கும் காட்டியிருக்கிறாள்.

காட்டச் சொல்லி நான் சொல்லவில்லையே, ஐயா.