சுல்ஃபத்தின் காலை அளந்தவர் யார்?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் நீலகண்டன் அவர்களே, மட்டாஞ்சேரி தமிழர் நலமன்றத்தின் செயலாளர் வெங்கிடராமன் அவர்களே, கடையடைத்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கிடங்குத் தூசியைக்கூடத் தட்டாமல் வந்து நிற்கும் உழைப்பாளித் தோழர்களே, பிள்ளைகளை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் பேசுகிறவர்கள் தாளைப் பார்ப்பதில்லை. நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மைக்கின் முன்னால் நிற்கிற முதல் ஆளும் நான்தான். தாள் இல்லாவிட்டால் எனக்கு நாக்கு எழாது. என்ன சேட்டா? உறக்கப் பறையணுமா? சத்தமாகவே பறைகிறேன், இனிமேல் உங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகமே கொண்டாடும் இந்த எண்பத்தொன்றில், போலியோ பாதித்த முப்பது குழந்தைகளுக்கு நம் மன்றம் காலைத் தாங்கி நடக்க வைக்கும் இரும்புக் காலிப்பர் வழங்கப் போகிறது. வெளியூரிலிருந்து மொத்தமாக வந்திறங்கிய பெட்டிகள் இதோ, பட்டு நாடா கட்டி அடுக்கி வைத்திருக்கிறோம். சுள்ளிக்கல்லில் காலிப்பரும் மருத்துவக் காலணியும் செய்கிற பட்டறையில் அளவெழுதி வரைபடம் போடுகிறவள் என்பதால், வழங்குமுன் நான் பாராட்டிப் பேச வேண்டுமாம். பாராட்டுகிறேன்.

நம் விண்ணப்பத்தாளைப் பாராட்டுகிறேன். பதினான்கு கேள்விகள்! தகப்பன் பெயர் கேட்டோம். ரேஷன் கார்டு எண் கேட்டோம். சாதி கேட்டோம், சமயம் கேட்டோம், சிபாரிசு யார் என்று கேட்டோம். கால் எவ்வளவு நீளம் என்று கேட்டோமா? இடுப்பிலிருந்து முழங்கால் எவ்வளவு, முழங்காலிலிருந்து குதிகால் எவ்வளவு என்று கேட்டோமா? வயதைக் கேட்டோம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே கால் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள் நமக்கு? அளவெடுக்காமல் சட்டை தைத்த தையல்காரரை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டுகிறோமே, இரும்பைத் தைத்து மாட்டுகிற நம்மை யார் திட்டுவது?

இரண்டாம் வரிசை ஓரத்தில், உம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறாளே, சாயாக்கடை கபீர் அண்ணன் மகள் சுல்ஃபத், அவளைப் பாருங்கள். போன ஆண்டு இதே மேடைக்கு வந்தாள். குத்துவிளக்கு எரிகிறது, ஷூவோடு ஏறக்கூடாது என்றோம். காலிப்பரோ ஷூவோடு சேர்த்து அடித்த இரும்பு. ஆகவே காலில் மாட்ட வேண்டியதைக் கையில் கொடுத்தோம், பந்தயத்தில் ஜெயித்தவளுக்குக் கோப்பை கொடுப்பதுபோல. தூக்கிவந்தார்கள், தூக்கிப்போனார்கள். போட்டோவில் மட்டும் அழகாக விழுந்தாள்.

பிறகு? மட்டாஞ்சேரியில் எந்த வீட்டுக்குள் செருப்போடு போகிறோம்? மதரசாவுக்குள் போகிறோமா? கோயிலுக்குள்? அடுத்த வீட்டு அடுக்களைக்குள்? பூட்ஸோடு வீட்டுக்குள் நடமாடுகிற தேசத்தின் மாதிரியை, வாசலில் செருப்பு விடுகிற ஊருக்கு வாங்கி வந்தோம். நாம் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறோம். இவள் காலையே விட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் மதரசா வாசலில் கேட்டேன்: “எங்கேடி காலிப்பர்?”

“அது வெளியே காவல் நிக்குது சேச்சி. நான் உள்ளே உக்காந்தே தரையில தேய்ச்சு நிரங்கிப் போயிட்டு வந்தேன்.”

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்புறம் அவள் வளர்ந்தாள். பிள்ளைகள் வளர்வார்கள் என்ற செய்தி நம் செயற்குழுவுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்! கால் நீண்டது, கம்பி நீளவில்லை. முழங்காலுக்கு நேராக மடங்க வேண்டிய கீல் கீழே இறங்கிப்போய் எலும்பை அரைத்தது. புண்ணாயிற்று. கழற்றி ஆணியில் மாட்டினாள். இப்போது முழங்கால் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வருகிறது. இன்னும் ஆறு மாதம் இப்படியே விட்டால் கத்தி வைக்காமல் நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் நானும், வெலிங்டன் தீவில் வெல்டராக இருக்கும் என் அப்பா வீரபாண்டியும் மாதிரிக் காலிப்பர் ஒன்று செய்தோம். ஒன்றின்மேல் ஒன்று நகரும் இரண்டு இரும்புப் பட்டைகள். முழங்காலுக்கு மேலே தனி, கீழே தனி. விரல் அகலத்துக்கு ஒரு துளை. பிள்ளை வளர்ந்தால் திருகாணியைக் கழற்றி அடுத்த துளையில் போட வேண்டியதுதான். அடிமுனை குதிகாலிலுள்ள சிறு குழாயில் செருகும். தெருவுக்கு ஒரு ஷூ, வீட்டுக்குள் ஒரு செருப்பு, மாற்றி மாற்றிப் போடலாம். அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன்.

“இது நீளுமா மோளே?”

“நீளும் சார். மூணு வருஷம் தாங்கும்.”

“மூணு கொல்லமும் நீண்டுகிட்டே போனா அடுத்த கொல்லம் நாங்க எதைக் கொடுக்கிறது? ஆண்டு விழாவுல எந்தக் குட்டியை மேடையேத்துறது? போதாக்குறைக்கு இது துளையும் ஆணியுமா இருக்கு, போட்டோவுல லட்சணமா விழுமா?”

தலையை ஆட்டாதீர்கள் சார், சொன்னீர்கள். குழந்தை நடக்க வேண்டும் என்று விழா எடுக்கிறோமா, விழா நடக்க வேண்டும் என்று குழந்தையை முடக்கி வைக்கிறோமா? ஆண்டுக்கொரு முறை அள்ளிக் கொடுக்கிற கைகளே, அந்தக் கைகளில் ஒன்றுக்காவது அளவுநாடா பிடிக்கத் தெரியாதா?

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மாலையில் யாரும் பார்க்காதபோது, இன்று சுல்ஃபத்துக்குத் தரப்போகும் பெட்டியை அவிழ்த்து அளந்தேன். ‘ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை’ என்று அச்சடித்திருக்கிறது. போன ஆண்டின் அதே நீளம். அவள் காலுக்கு இரண்டு அங்குலம் குறைவு. நாடாவை நான் மறுபடி கட்டியதில்தான் கொஞ்சம் கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாராட்டுரை முடிந்தது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மைக்கை இன்னும் அணைக்காமல் இருக்கிற ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி. தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

உட்காருமுன் ஒன்று. இதை முதலிலேயே கேட்டிருந்தால் குரல் உடைந்திருக்கும் என்றுதான் கடைசிக்கு வைத்தேன். தலைவர் ஐயா, இன்று சுல்ஃபத்தின் பெயரைக் கூப்பிடாதீர்கள். அந்தப் பெட்டியை என்னிடம் கொடுங்கள். அப்பா விடுப்பு எடுத்திருக்கிறார். கம்பியை வெட்டி, நகரும் பட்டை சேர்த்து, துளையிட்டு, பத்து நாளில் அவள் காலுக்குச் சரியாகச் செய்து தருகிறோம். மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளையும் மேடைக்குத் தூக்காமல், நாளை காலை சுள்ளிக்கல் பட்டறைக்கு அனுப்புங்கள் ஐயா. நான் அளவெடுக்க வேண்டும்.