காலமானவர்களுக்கு மட்டும்

இல்ல சார், உள்ள வரல. இந்த கேட்டுகிட்டயே நிக்கிறேன், நீங்க உக்காருங்க. ஒங்களுக்கு முட்டி வலின்னு சபா செக்ரட்டரி பீமராவ் சார் சொல்லியிருக்காரு. கோவமா? கோவம்லாம் ஒண்ணுமில்லைங்க. கோவப்படுறவன் காட்டூர்லேருந்து இந்த வெயில்ல, பாலத்து நெரிசல்ல வண்டிய உருட்டிக்கிட்டு வருவானா? வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க சார், காபி போட்டுடப் போறாங்க. மோரும் வேணாம். நெசமாவே வேணாம்.

நான் அழகிரி. தவில் வீரமலையோட மகன். ஆமா, அவரேதான். போன மாசம் நீங்க பேர வெட்டினீங்கள்ல, அவரு. சரிங்க, நீங்க வெட்டல, கமிட்டி வெட்டிச்சு. கமிட்டின்னா யாரு சார்? பீமராவ் சார், நீங்க, அப்புறம் அந்தப் பல் டாக்டரு. பல் டாக்டரு நீங்க தலையாட்டுற பக்கம் தலையாட்டுவாரு. அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைசி மீட்டிங்குன்னாங்க. அதுக்கு முன்னாடி ஒங்க வாயால எனக்கு ஒரு வார்த்த தெரியணும்.

சிபாரிசு இல்லைங்க. சிபாரிசுக்கு வர்றவன்னா ஒரு தட்டு நெறைய பழத்தோட வந்திருப்பேன். கையப் பாருங்க, வெறுங்கை.

மொதல்ல அந்த போன் கதைய சொல்லிடுறேன், பீமராவ் சார் ஒங்ககிட்ட முழுசா சொல்லியிருக்க மாட்டாரு. சபாவுக்குப் புது ஹால் கட்டுறோம், அம்பது அறுபதுகள்ல வாசிச்சுப் பின்னாடி வந்தவங்களுக்கு வழி போட்டவங்க, அப்படி பன்னெண்டு பேரு படத்த சுவத்துல வைக்கிறோம், அதுல ஒங்கப்பா பேரும் வந்திருக்கு, நல்ல படமா ஒண்ணு அனுப்புங்கன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்து கேக்குறாரு, கீழ காலமான வருஷம் போடணும், சொல்லுங்கன்னு. நான் என்னத்த சொல்ல? அப்பாகிட்டயே போனக் குடுத்துட்டேன். அவருக்குக் காது மந்தம், இவரு அந்தப் பக்கம் கத்துறாரு, காலமான வருஷம், காலமான வருஷம்னு. அப்பா நிதானமா சொன்னாரு, இன்னும் ஆகலைங்க, ஆனதும் சொல்லியனுப்புறேன்னு.

சிரிங்க சார். நாங்களும் சிரிச்சோம். பேர வெட்டுற வரைக்கும்.

தெரியும் சார், விதி. ஒங்க சபாவுல உசுரோட இருக்கறவங்க படத்த மாட்டக்கூடாது. மாட்டுனா மாலை போடணும், பொட்டு வைக்கணும், வெளக்கு ஏத்தணும், இருக்கற மனுசனுக்கு அதச் செய்யிறது நல்லதில்ல. எல்லாம் பீமராவ் சார் வெளக்கிட்டாரு. செத்துட்டாருன்னு நெனச்சுதான் பேரையே சேத்தாங்களாம். நான் நேர்ல போயிப் பார்த்தப்ப அவரு மொகத்துல ஒரு ஏமாத்தம் இருந்துச்சு பாருங்க, எங்கப்பா என்னமோ சொன்ன தேதிக்கு ஊருக்குக் கெளம்பாம விட்ட மாதிரி.

வெட்டிட்டாங்கன்னு அப்பாகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. மறைக்க முடியல, தெனம் கேட்டுக்கிட்டே இருந்தாரு, எந்தப் படத்த அனுப்புன, தலப்பாவோட இருக்கறதா, இல்லாததான்னு. சொன்னதும், நான் இருக்கறது அவங்களுக்கு எடஞ்சலா இருக்காக்கும்னாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல.

இப்ப அந்த எடத்துல யாரு? பிடில் திருவேங்கடம். நல்ல வாசிப்புதான், நான் கொற சொல்ல வரல. பேரன் அமெரிக்காவுலேருந்து ஹாலுக்கு ஏ.சி. போட்டுத் தராராம்ல. அட, ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க சார். ஏ.சி.ய விட்டுட்டேன். இனிமே எடுக்கல.

எனக்கு ஒரே கேள்விதான். விதிய ஓரமா வைங்க. வீரமலை வாசிப்புக்கு அந்தச் சுவத்துல எடம் உண்டா இல்லையா?

பக்கவாத்தியம்ங்குறீங்க. சரி. ரெக்கார்டு இல்லைங்குறீங்க. அதுவும் சரி. தவில மட்டும் தனியா அந்தக் காலத்துல யாரு பதிவு பண்ணா? ஆனா ஒங்களுக்கு எதுக்கு சார் ரெக்கார்டு? நீங்க பொறந்து வளந்தது இதே சித்திர வீதி. சாமி பொறப்பாடு இந்த வாசல் வழியாத்தான் போயிருக்கும். வருஷா வருஷம் அப்பா இங்க வாசிச்சிருக்காரு. கேட்டதே இல்லன்னு சொல்லுங்க, நான் இப்பவே வண்டிய எடுத்துடுறேன்.

பாத்தீங்களா.

எங்கேருந்து கேட்டீங்க? மாடியிலேருந்தா. நல்லது. அப்ப இத சொல்லுங்க. மத்த தவில்காரங்கள்லாம் பாட்டு எடுத்த ஒடனே மடமடன்னு கூடவே எறங்கிடுவாங்க. இவரு என்ன பண்ணுவாரு? அதான்! நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா மகன் பேச்சுன்னு ஆயிடும். ஆமா. மொத வரிக்கு வாசிக்கவே மாட்டாரு. தவில் மேல கைய வச்சுக்கிட்டு சும்மா நிப்பாரு. சனம் என்னாச்சுன்னு திரும்பிப் பாக்கும். பாட்டு மட்டும் தனியா நடந்து போகும். அதே வரி திரும்ப வரும்போதுதான் கை எறங்கும். ஒடம்பு சிலிர்த்துச்சான்னு நான் கேக்கல சார், நீங்களா சொல்றீங்க.

இன்னைக்கு அத யாரு பண்ணல? இந்தப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேணா போயிப் பாருங்க. நேத்துக் கத்துக்கிட்டவன்கூட மொத வரிய விட்டுட்டுத்தான் எறங்குறான். யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கேளுங்க, முழிப்பான். எங்க வாத்தியார் அப்படிச் சொல்லிக்குடுத்தாரும்பான்.

ஒரு நிமிஷம். தங்கச்சி. கட் பண்ணிட்டேன். இல்லைங்க, பேசிக்கலாம். அது கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கும்.

ம், அந்தக் கல்யாண விஷயம். வரும்னு தெரியும். லால்குடில முகூர்த்தத்துக்கு முன்னாடி சினிமாப் பாட்டு கேட்டாங்கன்னு தவில எறக்கி வச்சிட்டுப் பஸ் ஏறிட்டாரு. நெசம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க நாகஸ்வரக்காரரு சட்டையப் புடிச்சாங்க, அதுவும் நெசம். குடிப்பாரு. எங்கம்மா பவுனம்மாள் அவரால பட்டது கொஞ்ச நஞ்சம் இல்ல. நல்ல மனுசங்களுக்கான சுவருன்னா எங்கம்மா படத்த மாட்டுங்க சார், அப்பாவுக்கு வேணாம். வாசிப்புக்கான சுவருன்னா பதில் சொல்லுங்க.

அப்புறம் அவரு எங்க போனாருன்னா, எங்கயும் போகல. எழுபதாம் வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்திருச்சு. தவிலுக்கு உறைய மாட்டுனவரு திரும்பக் கழட்டவே இல்ல. என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வந்து உக்காந்து பேப்பர் படிப்பாரு. வர்றவனுக்கெல்லாம் அவரு கடைக்காரரோட அப்பா, அவ்வளவுதான். செத்துட்டாருன்னு நெனச்சதுல பீமராவ் சார் மேல குத்தமில்ல.

இப்ப எப்படி இருக்காரா? படுத்திருக்காரு சார்.

நல்ல கலைஞர், சந்தேகமே இல்லங்குறீங்க. இது எனக்கு வேணாம் சார். இத நான் என் கடைக்கு வர்ற மெக்கானிக்குக்கே சொல்லுவேன். இந்தப் பக்கம் திருவேங்கடம், இந்தப் பக்கம் வீரமலை. சுவத்துல ஒரு ஆணிதான் பாக்கி. யாருக்கு?

தெருவப் பாத்தா எப்படி? என்னப் பாத்து சொல்லுங்க.

சரி, யோசிங்க. நான் நிக்கிறேன். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ.

திருவேங்கடம் நல்லா வாசிச்சாரு, ஆனா அவரு வாசிச்சு எதுவும் மாறல. வீரமலை வாசிச்சு மாறிச்சு. விதின்னு ஒண்ணு இல்லன்னா ஒங்க ஓட்டு வீரமலைக்குத்தான். இதானே சொன்னீங்க? என் மூஞ்சிக்காக இல்லையே? நான் கேட்டை விட்டு நகராம நிக்கிறேனேன்னு இல்லையே? மீட்டிங்லயும் இதே மாதிரி சொல்லுவீங்களா, பீமராவ் சார் மொகத்தப் பாத்து?

சத்தியம்லாம் எதுக்குங்க. சொன்னீங்கள்ல, போதும். கெளம்புறேன்.

விதிக்கு என்ன பண்றதா? அதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம் சார். அது காலைலயே சரியாயிருச்சு. ஆமா, அப்பாதான். கஞ்சி குடுக்கலாம்னு போயி எழுப்புனேன். போயிச் சேந்திருந்தாரு.

மொதல்லயே சொல்லியிருக்கலாந்தான். சொல்லியிருந்தா வாசல்லயே கையப் புடிச்சு எடம் குடுத்திருப்பீங்க. பீமராவ் சாரும் தடை நீங்கிடுச்சுன்னு வருஷத்தப் போட்டு ஆணி அடிச்சிருப்பாரு. போன வாரந்தான் அப்பா சொன்னாரு, செத்தேன்னு குடுத்தா அது வாய்க்கரிசிடா, வாசிச்சதுக்குக் குடுத்ததா ஆவாதுன்னு. அதான், சேதி ஆத்தத் தாண்டி இங்க வர்றதுக்குள்ள ஒங்ககிட்ட கேட்டுடணும்னு ஓடியாந்தேன். மாலை வாங்கப் போறேன்னு வீட்ல சொல்லியிருக்கேன், இனிமேதான் வாங்கணும்.

அய்யோ, இல்ல சார், செருப்ப மாட்டாதீங்க. காட்டூருக்கெல்லாம் வராதீங்க. நாங்க எடுக்க நாலு மணி ஆயிடும், நீங்க அங்க வந்துட்டீங்கன்னா அஞ்சு மணிக்கு இங்க திரும்ப முடியாது. நீங்க மீட்டிங்குக்குப் போங்க.