சமையலறைக்கு மேலே உருகிய பனி

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்களுடைய கூரையைத்தான் பார்ப்பார்கள். பனி உருகாமல் கிடந்தால் வீட்டின் சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உருகிய நீர் இறவாரத்தில் பனிக்கட்டிகளாகத் தொங்கினால் சூடு கூரைக்கடியிலுள்ள பரண் வழியே வீணாகிறது. சுப்பீரியர் ஏரிக்கரையிலேயே பணியாற்றும் தங்களுக்கு, அதிகாரி ஐயா, இதை நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் இறவாரத்தில் ஆண்டுதோறும் கட்டிகள் தொங்கின. நானும் என் தம்பி ரெய்னோவும் மட்டுமே அவ்வீட்டில் இருந்தோம். இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. சென்ற கோடையில் ஏரியைப் பார்க்க வந்த அரிசோனாப் பெண்மணி ஒருவர், அவனைத் தம்முடன் வந்து வாழுமாறு அழைத்தார். அவனும் இசைந்தான்.

"நான் போனப்புறம் நீ குளிர்ல கெடக்கக் கூடாதுண்ணே. பரணுக்குப் பஞ்சு அடிச்சுக் குடுத்துட்டுத்தான் கெளம்புவேன்," என்றான்.

"அங்க பனியே கெடையாதாமே. என்னடா பண்ணுவ?"

"வேர்க்கும். வேர்த்துக்கிட்டே உன்ன நெனச்சுக்குவேன்."

நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்யக் கோருகிறேன்.

சூடு வெளியேறாமல் தடுப்பதற்காகப் பழைய செய்தித்தாள்களை அரைத்துச் செய்த பஞ்சு அது. கீழே ஒருவர் இயந்திரத்தில் கொட்ட, மேலே ஒருவர் குழாயைப் பிடித்துப் பரண் தரையெங்கும் பரப்ப வேண்டும். நான் கீழே நின்றேன். நிறுத்துவதற்கு இருமுறை தட்டுவது எங்கள் ஏற்பாடு. வேலை முடிந்ததும் அவன் தட்டினான். இயந்திரத்தை நிறுத்தினேன். பிறகு பரண்வாய்ப் பலகையை மூடித் தாழிட்டு, ஏணியை எடுத்து வைத்தேன்.

அவன் மறுபடியும் தட்டினான், இரண்டிரண்டு முறையாக. இயந்திரத்தை ஏற்கெனவே நிறுத்திவிட்டதால் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவன் ஏறவிருந்த மாலைப் பேருந்து போகும்வரை மட்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். பேருந்து போயிற்று. அதன்பின் திறந்தால் அவன் கோபித்துக்கொள்வான் என்று தோன்றியது. நான் சச்சரவை விரும்பாதவன். தவிரவும், புதிய பஞ்சு ஓசையையும் நன்றாகத் தடுத்தது. மேலே அவன் இருக்கிறான் என்ற நினைவோடு உறங்குவது ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பிற்பகல், எதிர்வீட்டு ஹில்டா அம்மையார் பனி வாரும்போது என்னை அழைத்தார்.

"என்ன வார்னர், உங்க கூரைக்கு வழுக்கை விழுந்திருச்சு? சமையக்கட்டுக்கு மேல பாருங்க, வட்டமா உருகிக் கெடக்கு. அந்த எடத்துல பஞ்சு போடாம உங்க தம்பி ஏமாத்திட்டாரா? சொல்லிக்காமக்கூடப் போயிட்டாரே மனுஷன்."

எனக்கு மிகுந்த வெட்கமாக இருந்தது. மீதமிருந்த மூட்டையுடன் மேலே ஏறினேன்.

ரெய்னோ சமையலறைக்கு மேலே, பஞ்சைக் கைகளால் விலக்கிவிட்டு, பலகையில் மார்பை ஒட்டிக் குப்புறக் கிடந்தான். கீழேயிருந்து கசியும் சூட்டைத் தேடியிருக்கிறான். பஞ்சுக்குள் புதைந்து படுத்திருந்தால் உடம்பின் சூடு உடம்பிலேயே தங்கியிருக்கும். பஞ்சு அடித்தவனுக்கே அது விளங்கவில்லை. அவனால் எழ முடியவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"காப்பி வாசம் வருதுண்ணே," என்றான்.

வருவது இயல்புதான். அன்றும் பழக்கப்படி இருவருக்குமாகப் போட்டிருந்தேன்.

விலக்கிய பஞ்சை மீண்டும் நிரவினேன். மூட்டையில் இருந்ததை அவன்மேலும் முகத்தின்மேலும் இடைவெளியின்றிப் பரப்பி, அசைவு அடங்கும்வரை கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். அவன் மிகவும் குளிர்ந்து போயிருந்தான், ஐயா. கதகதப்பாக இருக்கட்டும் என்றுதான். அன்றிரவு புதுப்பனி விழுந்தது. அதன்பின் எங்கும் உருகவில்லை. "இப்பத்தான் அது கூரை," என்று ஹில்டா அம்மையார் பாராட்டினார்.

அரிசோனாப் பெண்மணி விசாரித்ததால் தாங்கள் வர நேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அவனைக் கீழே இறக்கிய தங்கள் ஆட்கள் பரண்வாயை மூடாமல் வந்துவிட்டார்கள். யாரையேனும் அனுப்பி மூடச் சொன்னால் நன்றியுடையவனாவேன். நான் குளிரில் கிடக்கக் கூடாது என்பதற்காகத் தம்பி செய்துகொடுத்த வேலை அது.