வீட்டு எண் தராத வித்தகர் ரத்தினவேல் ஐயாவுக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

தலைநகரில் தமிழ் வளர்த்த தகைசால் ஆசானே! சந்திப்பிழை கண்டால் சிங்கமாய்ச் சீறி, சமோசா கண்டால் சாந்தமாகும் சான்றோரே! முப்பது ஆண்டுகள் எங்களோடு ஒரே அறையில் தேநீர் அருந்தியும், வீட்டுத் தொலைபேசி எண்ணை எங்களுக்கும் சொல்லாத மறைபொருளே! வணக்கம். சென்ற ஆண்டே ஓய்வுபெற்ற நம் அறைத் தோழர் கோபாலனிடம் இம்மடல் எழுத எழுதுகோலைக் கொடுத்துவிட்டோம். புகழ்ச்சி கொஞ்சம் கூடினால் பொறுத்தருள்க!

எண்ணை ஏன் ஒளித்தீர் என்பதை ஊரறியும். முனிர்கா முதல் லோதி காலனி வரை அத்தனை தகப்பன்மாரும், "சார், பையனுக்கு எவ்வளவு மார்க்?" என்று விடியுமுன் அழைத்தால், உம் தொலைபேசி உருகி ஓடியிருக்காதா? எனவே பள்ளிக்கு எதிரே தரம்பால் நடத்தும் எஸ்.டி.டி. பூத்தின் எண்ணையே உம் எண்ணென்று வகுப்புக்குத் தந்தீர். மாலைதோறும் அங்கமர்ந்து, ஐயம் கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் யாப்பையும் அணியையும் கம்பி வழியே ஊட்டினீர். நீர் இல்லாதபோது, அரியானாக்காரரான தரம்பால் இந்தியிலேயே சேதி வாங்கி வைத்தார்.

அங்கேதான் வந்தது வினை! தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில், எட்டாம் வகுப்பு ஜெயராமின் தாயார் சாந்தகுமாரி அம்மையார் எழுந்தார்.

"போன் எடுக்கிறாரே உங்க பையன், அவருக்குத் தமிழே வரலியே சார்! வாத்தியார் வீட்லயே இந்தின்னா, எங்க பிள்ளைங்க ஒன்பதாவதுல எதுக்குத் தமிழ் எடுக்கணும்?"

"அம்மா, அவர் என் பையன் இல்லை. அது பூத்."

"அச்சா! தமிழ் வரலேன்னா பெத்த பிள்ளையையே பூத்காரன்னு சொல்லிடுவீங்களா?"

கூட்டமே அவர் பக்கம் சாய்ந்தது. ஆள் சேராவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் தமிழையே நிறுத்திவிடுவதாகத் தலைமையாசிரியரும் சொல்லிவிட்டார். 'வீட்டு எண்ணைக் கொடுத்து உண்மையை நிரூபியுங்கள்' என்று கெஞ்சினோம். "அதைவிட தரம்பாலுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறது சுலபம்யா!" என்றீர்.

சொன்னபடியே செய்தீர், சோர்வறியாச் செம்மலே! கோடை விடுமுறை முழுதும், சாலைத் தார் இளகும் வெயிலில், பூத்துக்குள் பாடம். தரம்பால் வாயில் ழகரம் நுழைந்த அதிர்ச்சியில் கண்ணாடியே விரிசல் விட்டதாம்! பள்ளி திறந்ததும் சாந்தகுமாரி அம்மையார் அழைத்தார். "வணக்கம் அம்மணி! ஆசான் வெளியே சென்றுள்ளார். தங்கள் திருவாய்ச் செய்தி யாதோ?" என்றது குரல். அம்மையார் ரிசீவரும் கையுமாக எழுந்தே நின்றுவிட்டாராம். மறுநாள் மகனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"லீவுல உங்க பையனைத் திருத்திட்டீங்களே சார்! இவனையும் சேர்த்துக்கோங்க, ஜல்தி!"

மற்றப் பெற்றோரும் அவர் வழியே வர, அவ்வாண்டுத் தமிழ் வகுப்புக்கு எங்கள் அறை நாற்காலிகளும் போயின. நாங்கள் நின்றே தேநீர் குடித்தோம். தரம்பால் உம் மகனல்லர் என்று நீர் இன்றளவும் சொல்லி வருகிறீர், நம்பத்தான் ஆளில்லை.

ஐயா! மூட்டுவலி அண்டாது, முன்கோபம் குறையாது, பேரப் பிள்ளைகளின் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் திருத்தியே நூறாண்டு கடந்து வாழ்க! உம் நலம் கேட்க எங்களுக்கு இருப்பது பூத் எண் ஒன்றே. அழைப்போம், மூத்த மகனார் நல்ல தமிழில் பதில் சொல்வார்.

புதுதில்லி, 2003

நாற்காலி இழந்தும் நன்றி மறவாத
ஆசிரியர், அலுவலர் குழாம்