பேனரில் இருக்கிறவரின் தம்பி

— சென்னப்பா, கோபப்படாம கேக்கறேன். நான் எப்படா செத்தேன்?

— மாதப்பண்ணே, கொஞ்சம் பொறுங்க. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பண்ண வேலைங்க அது.

— பொறுத்துக்கிட்டுத்தான் நிக்கறேன். பேனர்ல இருக்கிற கணக்குப்படி அம்பது வருசமாப் பொறுத்துக்கிட்டு நிக்கறேன். படிக்கறேன், கேளு. 'ஐம்பதாம் ஆண்டு நினைவஞ்சலி. ராகிக்காட்டுப் பாட்டுப் புகழ் மாதப்பன்.' கீழே மறைவுன்னு ஒரு தேதி. அது என்ன தேதி, தெரியுதா?

— ரெக்கார்டு வெளிவந்த தேதிங்கண்ணே. பாட்டுக்குப் பொன்விழா, தேதியைப் பெருசாப் போடுன்னுதான் போன்ல சொன்னேன். ரெக்கார்டு அட்டையில இருந்த உங்க போட்டோவையும் அனுப்பிச்சேன்.

— கருப்பு வெள்ளைப் போட்டோ.

— அதாங்க வெனையாப் போச்சு. கருப்பு வெள்ளையில இருந்தா செத்தவங்கதான்னு அவன் பாட்டுக்கு முடிவு பண்ணி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கை வெச்சு அடிச்சுட்டான். கேட்டா, 'பேர்ல தப்பு இல்லியே'ங்கறான்.

— பாட்டு வந்த அன்னிக்கே நான் போய்ட்டேன். சரி. அதுக்கப்புறம் எனக்குப் பொறந்த ரெண்டு புள்ளைங்களுக்கு நீ என்ன பதில் சொல்லப் போறே?

— மானத்தை வாங்காதீங்கண்ணே. கழட்டிரலாம்னா கம்பத்து உச்சியில கட்டியிருக்கான். ஊர்ல இருக்கிற ஒரே பெரிய ஏணி தீர்த்தமலைக்கு லைட் கட்டப் போயிருக்குது. எடுத்தாரச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன்.

— அதுக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் கம்பைநல்லூர் முழுக்க என்னைச் சாகடிச்சுட்டான்.

— அவனும் பேனரைப் பாத்துத்தாங்க படிக்கறான்.

— மாரண்டஹள்ளிக்காரர் ஒருத்தர் வந்தாரு. பேனருக்குக் கீழே கற்பூரம் ஏத்திக் கும்புட்டாரு. திரும்பி என்னைப் பாத்து, 'நீங்க அவரு தம்பிங்களா? அதே சாயலா இருக்கீங்க'ன்னாரு.

— நான்தான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே?

— சொன்னேன். தோளைத் தட்டிக் கொடுத்து, 'பாசம் இருந்தா அப்படித்தாங்க தோணும்'னாரு. சரின்னு பாடியே காட்டுனேன். கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டாரு. 'நல்லாத்தான் பாடறீங்க. ஆனா அண்ணன் அளவுக்கு வராதுங்க'ன்னுட்டுப் போய்ட்டாரு.

— அடக் கடவுளே.

— அந்த மனுசனைக் குத்தம் சொல்ல முடியாது. அந்தப் பாட்டை மொத மொதல்ல ரேடியோவுல போட்டப்போ, மாரண்டஹள்ளி சந்தையில தராசு முள்ளு அப்படியே நின்னுபோச்சு. தக்காளி வாங்குனவனும் அசையல, வித்தவனும் அசையல. பாட்டு முடிஞ்சு பாத்தா, காயாக் கெடந்த கூடை பூரா பழுத்துக் கெடக்குது.

— போன மாசம் தேங்கா முத்திப்போச்சுன்னு சொன்னீங்கண்ணே.

— அது பாலக்கோட்டு சந்தை. அங்க தேங்கா.

— அண்ணே, இப்படிப் பண்ணலாமுங்களா? நீங்க முன் வரிசையில உக்காருங்க. நான் பொன்னாடை போத்திவுடறேன்.

— யாருன்னு சொல்லிப் போத்துவே?

— அதாங்க எனக்கும் புரியல. அரூர் ரசிகர் மன்றத்துக்காரங்க எல்லாம் கருப்புப் பட்டை குத்திக்கிட்டு வந்து உக்காந்துட்டாங்க. மொதல்ல மௌன அஞ்சலிங்கறாங்க. அப்புறம் படத்திறப்பு. உங்க பாட்டைப் பாடறதுக்கு சேலத்துல இருந்து ஒரு தம்பி வந்திருக்குது. நடுவுல உங்களை மேடையேத்துனா, ஜனம் என்னைத்தாங்க அடிக்கும்.

— எனக்குப் பொன்னாடையும் வேணாம், மேடையும் வேணாம். மைக்கை ஒரு தரம் கொடு. செல்லி கேக்கணும். அதுக்காவத்தான் இந்த விழாவுக்கே தலையாட்டுனேன்.

— அண்ணிக்கு இன்னும் அப்படியேதானுங்களா?

— என் மொகம் அவளுக்கு மறந்துபோயி, போன பொங்கலோட ஒரு வருசம் ஆச்சு. காலையில கனகாம்பரம் வாங்கியாந்து நானே தலையில வெச்சுவுட்டேன். மருமக யுவராணிகிட்ட, 'யாரோ பெரியவரு பூ வாங்கித் தந்தாரு, நல்ல மனுசன்'னு சொல்லியிருக்கா. அவ வாயால நல்ல மனுசன்னு பேரு வாங்க எனக்கு இவ்ளோ காலம் ஆச்சு.

— டாக்டர் என்னங்க சொல்றாரு?

— கையை விரிக்கறாரு. ஆனா அந்தப் பழைய ரெக்கார்டைப் போட்டா போதும், முந்தானை நுனியைப் புடிச்சுக்கிட்டு விரல்ல தாளம் போடறா. அதைப் பாட நான் பெங்களூரு போனப்போ எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. திரும்பறப்போ மழை. பஸ் ஓசூரைத் தாண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. நான் வந்து சேர்றதுக்கு முன்னாடி பாட்டு ஊருக்கு வந்து சேந்துருச்சு. இவ பஸ் ஸ்டாண்டுலயே வழி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

— பாட்டு எப்படிங்கண்ணே முன்னாடி வரும்?

— அதுக்கென்ன, அது சேத்துலயா வந்துச்சு? காத்துல வந்துச்சு. சொல்றதைக் கேளு. அந்தக் குரலை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரியுது. கண்ணு முன்னாடி நின்னு, பெரிய ஸ்பீக்கர்ல நான் பாடுனா, குரலோட மொகத்தையும் சேத்துப் பாப்பாளோன்னு ஒரு நெனப்பு. இப்ப அவ வந்து இந்தப் பேனரைப் பாத்தான்னு வெச்சுக்க. எல்லாத்தையும் மறந்துட்டு, புருசன் செத்ததை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா நான் என்னடா பண்ணுவேன்? அவ வர்றதுக்குள்ள அதைக் கழட்டுடா. உன் கால்ல வேணா வுழறேன்.

— அண்ணே... அந்த ஆட்டோவுல இருந்து எறங்கறது யுவராணிதானுங்களே? கூட அண்ணி.

— துண்டைக் கொடு. பேனரை மறைக்கறேன்.

— அண்ணே, அது கம்பத்து உச்சியில இருக்குதுங்க. துண்டு எட்டாது.

— செல்லி, இப்படி வா. நெழல்ல உக்காரு. அந்தப் பக்கம் பாக்காதே, வெயிலு கண்ணைக் கூசும்.

— தள்ளுங்க பெரியவரே, மறைக்காதீங்க. அது எங்க வூட்டுக்காரரு போட்டோ.

— யாரு?

— எங்க வூட்டுக்காரருங்க. வெளக்கெல்லாம் வெச்சு எவ்ளோ பெருசாப் போட்டிருக்காங்க பாருங்க! பாட்டு ரெக்கார்டு போட பெங்களூரு போயிருக்காரு. இன்னிக்கி வந்துருவாரு. வந்ததும் இதைக் காட்டணும்.

— ஆமாங்க. வந்துருவாரு.

— நீங்களும் அவரு சாயலாவே இருக்கீங்களே. தம்பிங்களா?

— அண்ணி, நான் சொல்றனுங்க. இவருதான் உங்க...

— சென்னப்பா, சும்மா இரு. ஆமாங்க அண்ணி. தம்பிதான்.

— நீங்களும் பாடுவீங்களா?

— பாடுவேனுங்க. அண்ணன் அளவுக்கு வராது.

— அவரு மாதிரி யாருக்கு வரும்? இந்தாங்க, என் தலையில இருந்த பூ. காலையில யாரோ ஒரு நல்ல மனுசன் வாங்கித் தந்தாரு. அவரு போட்டோ சும்மா இருக்குது பாருங்க, இதைப் போடச் சொல்லுங்க.

— அண்ணே... ஏணி வந்துருச்சுங்க. ஏறிக் கழட்டிரட்டுங்களா?

— ஏறு. கழட்டாதே. இந்தப் பூவை எனக்குப் போட்டுட்டு எறங்கு.