சிவப்பு வேண்டாம் என்றார் தனோங்

மாலிவான்: இந்தக் கார்ல இப்போ என்ன குறை கண்டீங்க?

தனோங்: சிவப்பா இருக்கு.

மாலிவான்: நம்ம வண்டி என்ன நிறம்?

தனோங்: சிவப்புதான்.

மாலிவான்: பதினெட்டு வருஷமா அதுலதானே ஊரைச் சுத்துனீங்க?

தனோங்: அதான் அலுத்துப்போச்சுங்கிறேன்.

மாலிவான்: கேட்டுக்கோ கித்தி. நீ கார் விக்கிறவன், இந்த மாதிரி ஆளுங்களைப் பாத்துப் பழகியிருப்ப. எனக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் பழகல.

கித்தி: பரவாயில்லக்கா. ஆனா தனோங் அண்ணே, ஒண்ணு சொல்லிடுறேன். இந்த மாதிரி ரெண்டு கதவு டர்போ, ஆறு கியர் வண்டி எப்போ நம்ம பழைய கார் விக்கிற கூடாரத்துக்கு வந்தாலும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு சொல்லிவச்சவர் நீங்க. பாங்காக்லேர்ந்து ஒரு பல் டாக்டர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. இங்க கோராட்ல எங்க அண்ணன் ஒருத்தருக்குச் சொல்லிட்டேன், கிடையாதுன்னு திருப்பி அனுப்பினேன்.

தனோங்: அவரை வரச் சொல்லு. பாவம், கொடுத்துரு.

கித்தி: என்னண்ணே இப்படிச் சொல்றீங்க...

தனோங்: வேற என்ன வச்சிருக்க?

கித்தி: எல்லாத்தையும்தான் காட்டிட்டேனே. அந்தக் கறுப்பு நாலு கதவு, தாழ்வா இருக்குன்னீங்க. சாம்பல் நிறம், சத்தம் ஜாஸ்தின்னீங்க. நீங்க வண்டிக்குச் சத்தம் ஜாஸ்தின்னு சொன்னதை நான் வீட்ல போய்ச் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாரு.

மாலிவான்: அவர் என்ன, நானே நம்பல. இந்த மனுஷன் வீட்டுக்கு வரார்னு மூணு தெரு தள்ளியிருக்குற நாய்க்குக்கூடத் தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் சோத்துப் பானையை இறக்கிவைப்பேன்.

தனோங்: வயசாகுதுல்ல.

மாலிவான்: அறுபத்தொண்ணு ஆகுது. அதனாலதான் சொல்றேன். இதுதான் என் கடைசிக் காருன்னு நீங்களே சொன்னீங்க. கடைசியா வாங்குறது மனசுக்குப் பிடிச்சதா இருக்கணும். பிடிக்காத ஒண்ணை வாங்கி நிறுத்திட்டு, மிச்சக் காலமெல்லாம் அதைப் பாத்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, பக்கத்துல உக்காந்து பாக்கப்போறது நான்தானே?

தனோங்: நான் எப்போ முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டேன்?

மாலிவான்: இப்போ எப்படி வச்சிருக்கீங்க?

தனோங்: வெயில்.

மாலிவான்: கூடாரத்துக்குள்ள என்ன வெயில்?

கித்தி: அக்கா, ஐஸ் காபி சொல்லவா? 

மாலிவான்: ஒண்ணும் வேண்டாம். மதியத்துக்குள்ள வண்டியோட வாங்க, சந்தனம் வச்சு ஓதி விடுறேன்னு கோயில்ல பெரிய பிக்கு நாள் குறிச்சுக் கொடுத்திருக்கார். இன்னைக்கு விட்டா அடுத்த நல்ல நாள் மழைக்காலம் முடிஞ்சுதான். பழைய வண்டியைப் பாத்தியா வாசல்ல? வரும்போது அது கக்குன புகையில பின்னாடி வந்த பைக்காரன் முகத்தைத் துணியால மூடிக்கிட்டான். அதுல இன்னொரு தடவை வீட்டுக்குப் போக முடியாது.

தனோங்: இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் எண்ணெய் குடிக்குது.

மாலிவான்: நல்லா இருக்குற இன்ஜினை வச்சுக்கிட்டுத்தான் கரும்பு லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்து வந்தீங்களா? மித்திரபாப் ரோட்டுல அவ்வளவு இடம் கிடந்தது. லாரிக்காரனே கையைக் காட்டி முன்னாடி போங்கன்னான். போகல. கரும்புச் சோகை பூரா என் தலையில.

தனோங்: நீ எங்க என்னை ஓட்ட விட்ட? வழி பூரா வாய் ஓயல. இடது பக்கம் பைக் வருது, வலது பக்கம் நாய் நிக்குது, அங்க ஒரு பொம்பளை குடையோட போறா... வண்டி ஓட்டுறவனுக்குத் தலை கிறுகிறுக்காதா? முன்னெல்லாம் நீ தூங்கிட்டுத்தானே வருவ?

மாலிவான்: கோயில் வாசல்ல இருந்த யானைச் சிலையை இடிச்சீங்களே, அன்னைக்கே என் தூக்கம் போச்சு.

தனோங்: அது ரோட்டுப் பக்கமா தள்ளி நின்னுச்சு.

மாலிவான்: சிலைங்க. அது எப்படித் தள்ளி நிக்கும்?

கித்தி: அண்ணே, அக்கா... ஒரு நிமிஷம். சண்டை அப்புறம். அண்ணே, உங்களுக்கு என்ன மாதிரி வேணும்னு மட்டும் சொல்லுங்க.

தனோங்: வேகம் இருக்கணும். திருப்பத்துல ஒட்டிக்கிட்டுப் போகணும். உக்காந்தா முதுகைப் பிடிச்சுத் தள்ளணும்.

கித்தி: அதெல்லாம் இந்தச் சிவப்புல இருக்கே.

தனோங்: கியர் இருக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக்.

மாலிவான்: என்னது?

தனோங்: ஆட்டோமேட்டிக்தான். காதுல விழுந்துச்சுல்ல?

மாலிவான்: விழுந்துச்சு. யார் பேசுறாங்கன்னுதான் தெரியல. ஆட்டோமேட்டிக் ஓட்டுறவனெல்லாம் ஊஞ்சல்ல உக்காந்திருக்கிறவன்னு என் தம்பியைக் கல்யாணப் பந்தியில வச்சுச் சிரிச்சது யாரு? அவன் ரெண்டு வருஷம் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கல.

தனோங்: ஊர்ல நெரிசல் ஜாஸ்தியாயிருச்சு. கிளட்சை மிதிச்சு மிதிச்சுக் கால் வலிக்குது.

மாலிவான்: கோராட்ல ஏதுங்க நெரிசல்? சோங்க்ரான் பண்டிகைக்குப் பாங்காக்காரன் ஊருக்குத் திரும்புற நாலு நாள் தவிர இங்க எவன் ரோட்டை மறிக்கிறான்? நடு ரோட்டுல நெல்லைக் காயப்போடலாம், அவ்வளவு காலியா கிடக்கு.

தனோங்: உனக்கு எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசணும்.

மாலிவான்: நிஜத்தைச் சொன்னா நான் ஏன் எதிர்த்துப் பேசுறேன்?

கித்தி: ஆட்டோமேட்டிக்னா ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு அந்த நீலம். அது உங்களுக்கு வேண்டாம்.

தனோங்: ஏன் வேண்டாம்? நல்லாத்தானே இருக்கு.

கித்தி: அண்ணே, நீங்க ஞாயித்துக்கிழமை பொறந்தவர். ஞாயித்துக்கிழமைக்குச் சிவப்பு ராசி, நீலம் ஆகாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. நானே வித்துட்டு நானே பாவத்தைச் சுமக்கவா?

தனோங்: சரி, இன்னொண்ணு?

கித்தி: மூலையில நிக்குதே வெள்ளை, அது. குட்டி வண்டிதான், ஆனா உள்ள இருக்குறது பெரிய இன்ஜின். அதிலயும் வேகத்துக்குக் குறை கிடையாது.

தனோங்: அதைக் காட்டு.

மாலிவான்: அதுவா? பல் டாக்டர் பொண்டாட்டி சந்தைக்கு எடுத்துட்டுப் போற வண்டி மாதிரி இருக்கு.

தனோங்: கதவு நாலு இருக்கு. ஏறி இறங்க லேசு. கண்ணாடி பெரிசு, நாலு பக்கமும் தெரியும். பின்னாடி கேமரா இருக்கா கித்தி?

கித்தி: இருக்குண்ணே. பக்கவாட்டுல ஏதாவது வந்தா பீப்புன்னு கத்தும்.

தனோங்: கத்தட்டும், நல்லது. சீட்டை உயரமா ஏத்தலாமா?

கித்தி: ஏத்தலாம். ஆனா அண்ணே, உங்க உயரத்துக்கு ஏத்துனா தலை கூரையில இடிக்கும்.

தனோங்: என் தலையை விடு. ஏத்திக் காட்டு.

மாலிவான்: வெள்ளை உங்களுக்கு ராசியான நிறமே கிடையாது.

கித்தி: ஆமாண்ணே. வெள்ளையும் மஞ்சளும் திங்கக்கிழமைக்காரங்களுக்கு. ஆனா வேணும்னா வழி இருக்கு. பின்னாடி 'இந்த வண்டி சிவப்பு நிறம்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதும். கிரகம் அதைப் படிச்சுட்டு அப்படியே போயிரும். கடையிலயே இருக்கு, இலவசமாத் தரேன்.

தனோங்: ஸ்டிக்கர் வேண்டாம். வெள்ளை வெள்ளையாவே இருக்கட்டும்.

மாலிவான்: அது எப்படி இருக்கட்டும்? பழைய வண்டி வாங்கினப்போ நான் என்ன சொன்னேன்? திங்கக்கிழமை பொறந்தவ நான், எனக்குச் சிவப்பு ஆகாது, வேற பாருங்கன்னு கெஞ்சினேன். ஓட்டுறவனுக்குத்தான் நிறம், உக்காந்து வர்றவளுக்கு இல்லைன்னு சொல்லி வாயை அடைச்சீங்க. பதினெட்டு வருஷம் அந்தத் தீக்குழிக்குள்ள உக்காந்து வந்தவ நான். இன்னைக்கு என்ன, ஓட்டுறவன் ராசியைக் காத்துல விட்டுட்டீங்க?

தனோங்: கித்தி, இந்த வெள்ளைக்குப் பத்திரம் எழுது.

கித்தி: ஓட்டிப் பாக்கலையாண்ணே? நீங்க ஓட்டிப் பாக்காம மிதிவண்டிகூட வாங்க மாட்டீங்களே.

தனோங்: நீயே ஒரு சுத்து ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டாலே தெரியும்.

கித்தி: சரி... உங்க இஷ்டம். உங்க பேர்லதானே எழுதணும்?

தனோங்: இல்ல. அவ பேர்ல எழுது.

மாலிவான்: என் பேர்லயா?

தனோங்: உன் பேர்லதான்.

கித்தி: அக்கா... திங்கக்கிழமை... அட. அண்ணே, அப்போ வெள்ளை அக்காவுக்கா?

தனோங்: நீ போய் அந்த ஐஸ் காபியை வாங்கிட்டு வா.

கித்தி: நான் இங்கயே நிக்கிறேன். இப்போ எனக்கும் விஷயம் தெரியணும். காலையிலேர்ந்து என் உசிரை எடுத்துட்டீங்க ரெண்டு பேரும்.

மாலிவான்: சொல்லுங்க.

தனோங்: என்னத்தச் சொல்ல... கண்ணுல அழுத்தம்னு சொல்லிட்டாங்க. நேரா இருக்கறது தெரியுது. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்துக்கிட்டே இருக்கும், போனது திரும்பாதுன்னாங்க. நண்பன் மகன் பிக்குவாகுற சடங்குன்னு உன்கிட்ட சொல்லிட்டு பாங்காக் போனேனே, அது ஆஸ்பத்திரிக்கு. வண்டி ஓட்டுறதை நிறுத்துங்கன்னு அந்தப் பொண்ணு, டாக்டர், என் மக வயசு இருக்கும், சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. எனக்கு அங்கயே சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

கித்தி: அண்ணே...

தனோங்: உன்னை எவன்டா பேசச் சொன்னது? மாலிவான், நான் ஓட்ட முடியாதுன்னா வீட்ல வண்டியே வேண்டாம்னு நீ சொல்லிருவ. அப்புறம் நான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து அடுத்தவன் வண்டிச் சத்தத்தைக் கேக்கணும். அது என்னால ஆகாது. நீ ஓட்டு. ஆட்டோமேட்டிக்னா உனக்குச் சீக்கிரம் வந்துரும். நாலு பக்கமும் தெரியணும், உயரமா உக்காரணும், உன் ராசிக்கு ஆகணும். ஆனா மிதிச்சா பறக்கணும். பக்கத்துல உக்காந்தாவது நான் பறந்துக்கிறேன். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் அலைஞ்சது. போதுமா?

மாலிவான்: போதாது. ஏன் இத்தனை மாசமா என்கிட்ட சொல்லல?

தனோங்: வெக்கமா இருந்துச்சு.

மாலிவான்: கட்டினவகிட்டயா வெக்கம்? குளிர்பெட்டியில மீன் சாஸ் புட்டிக்குப் பின்னாடி சொட்டு மருந்தை ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? அந்த வீட்ல மீன் சாஸை எடுக்குறது யாரு, நீங்களா?

தனோங்: தெரியுமா?

மாலிவான்: மருந்துக் கடையில காட்டிக் கேட்டேன், சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் அழுதது உங்களுக்குத் தெரியாது. தலைவலின்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு காத்திருந்து காத்திருந்து... இடது பக்கம் பைக்கு, வலது பக்கம் நாய்னு தொண்டைத் தண்ணி வத்துறதுதான் மிச்சம். இந்த மனுஷன் தன்னையும் கொன்னு என்னையும் கொல்லப் போறார்னு தினம் கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து வந்தேன்.

தனோங்: அப்போ அந்தக் குடைக்காரப் பொம்பளை...

மாலிவான்: உங்க பக்கவாட்டுலதான் போனா. உரசாம வந்தோமே, அது யாரால?

கித்தி: அக்கா, நான் காபி வாங்கிட்டு வரேன்.

மாலிவான்: நில்லு. அசையாத.

தனோங்: சரி, தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டிருந்தோம். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. என் கண்ணு போனது தெரிஞ்சும் காலையிலேர்ந்து சிவப்பை வாங்கு, சிவப்பை வாங்குன்னு ஏன் என் உசிரை எடுத்த? ஆறு கியர் டர்போவை வாங்கி நிறுத்தி வச்சுப் பூஜையா பண்ண? அதை எவன் ஓட்டுவான்?

மாலிவான்: நான் ஓட்டுவேன். புத்தர் நாள் தவறாம வெள்ளை உடுத்திக்கிட்டு, கோயிலுக்குப் போய்ச் சீல விரதம் எடுக்குறேன்னு சொல்லிட்டுப் போவேனே, போனது கோயிலுக்கு இல்ல. பொய் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ற நாள்ல உங்ககிட்ட பொய் சொல்லிட்டு, என் சிநேகிதி சாவலீயோட ஐஸ் ஏத்துற வண்டியை அறுத்த வயல்ல ஓட்டிட்டிருந்தேன். ஐஸ் கரைஞ்சு வழியும், வண்டி தவளை மாதிரி குதிக்கும், அவ புருஷன் தலையில அடிச்சுக்குவான். போன மாசம் லைசன்ஸும் வாங்கிட்டேன். அந்த வண்டியில கிளட்ச் இருந்துச்சு, எனக்கு அதுதான் தெரியும். உங்க வெள்ளை வண்டியில இடது காலை எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியாது. கித்தி, சிவப்போட சாவியை எடு. எனக்கு ஆகாத நிறத்துக்கு அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கிறேன்... ஏங்க, அந்தப் பக்கம் எங்க போறீங்க? அது என் சீட்டு. நீங்க இந்தப் பக்கம் வந்து ஏறுங்க.